வங்கி ஏழு லட்சம் தருகிறதே, முழுதாக வாங்கலாமா? – கல்விக் கடன் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்குக் கலந்தாய்வில் கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் போலிருக்கிறது. ஆண்டுக்குக் கல்லூரிக் கட்டணம் ரூ.70,000, விடுதி ரூ.80,000. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இன்னொரு கல்லூரியிலும் அதே பாடப்பிரிவு, அதே கட்டணம். என் சம்பளம் மாதம் ரூ.58,000. வங்கியில் 7 லட்சம் வரை தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: ஒரு தாளை எடுத்து இரண்டு கல்லூரிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

கோவை: ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 6 லட்சம். படிக்கும் நான்கு ஆண்டும், அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். இந்தக் காலத்தில் அது தனிவட்டிதான். முதல் ஆண்டுப் பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 75,000, இரண்டாம் ஆண்டுக்கு 60,000, மூன்றாம் ஆண்டுக்கு 45,000, நான்காம் ஆண்டுக்கு 30,000. ஆக 2.1 லட்சம். இது அசலோடு சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 8.1 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் ரூ.10,700, மொத்தம் 12.84 லட்சம். (பருவத்துக்கு ஒரு முறை பணம் போவதால் நிஜத்தில் சற்றுக் குறையும்.)

உள்ளூர்: கட்டணத்துக்கு மட்டும் 2.8 லட்சம். வட்டியோடு 3.78 லட்சம். தவணை மாதம் சுமார் ரூ.5,000, பத்தாண்டில் மொத்தம் 6 லட்சம்.

அதாவது கோவை விடுதியின் சாப்பாட்டுக்கும் கட்டிலுக்கும் வாங்கும் 3.2 லட்சத்துக்கு, உங்கள் மகள் 6.84 லட்சம் திருப்பிக் கட்டுவாள். கட்டணத்துக்குக் கடன் வாங்குவதில் தப்பில்லை, சோற்றுக்கு வாங்கும் கடன்தான் கழுத்தைப் பிடிக்கும். கோவைதான் என்று முடிவானால் கட்டணத்துக்கு மட்டும் கடன் எடுங்கள். விடுதிச் செலவு மாதத்துக்கு 6,700 வரும், அதைச் சம்பளத்திலிருந்து கொடுக்கப் பாருங்கள்.

வங்கி அனுமதிக்கும் தொகை வேறு, நீங்கள் எடுக்கும் தொகை வேறு. 6 லட்சத்துக்கு அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, எந்தப் பருவத்தில் கையில் பணம் இருக்கிறதோ அந்தப் பருவ விடுதிக் கட்டணத்தை மட்டும் கேட்காமல் விடலாம். எடுத்த பணத்துக்குத்தான் வட்டி. இன்னொன்று: 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டாம். அதைத் தாண்டினால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் உங்கள் பங்கு. 7.5 லட்சத்தைத் தாண்டினால் வீடோ நிலமோ ஈடு கேட்பார்கள்.

வட்டியைப் படிக்கும்போதே கட்டிவிடுவது இன்னும் நல்லது. 6 லட்சக் கடனில் முதல் ஆண்டு மாத வட்டி 1,250தான். அடுத்து 2,500, 3,750, கடைசி இரண்டு ஆண்டும் 5,000. இப்படிக் கட்டிவந்தால் தவணை 10,700க்குப் பதில் சுமார் 7,900 ஆகும். ஏற்கெனவே கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் 1.2 லட்சத்துக்கு மேல் மிச்சம். இப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேளுங்கள்.

உள்ளூர்க் கல்லூரி மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் தர அங்கீகாரம் பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு தனியாகத் தருவது. கல்லூரி வாசல் பலகையில் இருப்பது மெக்கானிக்கலுக்கு வாங்கியதாக இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விகிதப் பட்டியலில் இரண்டு கல்லூரிகளையும் ஒப்பிடுங்கள். வளாகத் தேர்வு (நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுப்பது) பற்றிக் கேட்கும்போது “அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு” என்று கேட்காதீர்கள், அது ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. அந்த வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை ஆணை வந்தது, நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த நடுச் சம்பளத்தில் தவணை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கடன் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சம். வட்டியை அரசே கட்டிவிடும், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்கிறார் தெரிந்தவர். உண்மையா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பாதி உண்மை. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலம் மற்றும் ஓர் ஆண்டுக்கான வட்டியை அரசு ஏற்கும். தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்பாக இருக்க வேண்டும். கல்லூரிக்கு நாக் (முழுக் கல்லூரிக்கும் தரச்சான்று தரும் தேசிய அமைப்பு) அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும். 2024இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான்.

இந்த மானியம் தானாக வந்து விழாது. வட்டாட்சியர் அலுவலகத்தின் வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்கி, கடன் அனுமதியாகும் சமயத்திலேயே கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். “அப்புறம் தருகிறேன்” என்று விட்ட இடத்தில்தான் பலருக்கு மானியம் நழுவுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கடன் கணக்கு அறிக்கை எடுத்து மானியம் வரவானதா என்று பாருங்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தினால் மானியம் கிடையாது. கடன் கேட்பதற்கு முன்பு, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்குத் தகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணத்தில் 25,000 வரை குறையும், அந்த அளவுக்குக் கடனே வேண்டாம். பிள்ளை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணம், விடுதி இரண்டையும் மாநில அரசே கட்டுகிறது.

கேள்வி: வங்கிக்கு அலைவதைவிட நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்கிறாள் என் மனைவி.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே ஒரு பருவக் கட்டணத்துக்கு, நான்கைந்து மாதத்தில் பணம் வரும் என்பது உறுதியானால் மட்டும் சரி. நகைக் கடனில் படிப்பு முடியும்வரை பொறுக்கும் சலுகை கிடையாது. ஆண்டு முடிவில் மீட்க வேண்டும், அல்லது வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். விட்டால் ஏலம். நான்கு ஆண்டில் எட்டுப் பருவம் வரும், எட்டு முறைக்கும் நகை வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டு நன்கொடைக்கு நகையைத் தொடவே தொடாதீர்கள். அதற்கு ரசீது வராது, ரசீதில்லாததற்கு வங்கியும் கடன் தராது. தமிழ்நாட்டில் 1992இலேயே நன்கொடை வாங்குவதைத் தடைசெய்து சட்டம் வந்துவிட்டது.

கேள்வி: மகன் விடுதியில் இருக்கிறான். மாதம் எவ்வளவு அனுப்பினாலும் போதவில்லை. எங்கே குறைக்கலாம்?
– ஒரு வாசகி, அரியலூர்

பதில்: முதலில் மெஸ். டிவைடிங் முறை (மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் பங்கிட்டுக் கட்டுவது) உள்ள மெஸ்ஸில் ஊருக்கு வரும் நாட்களுக்குக் கழிவு உண்டு, ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான். நாலு நாள் லீவுக்குச் சொல்லாமல் வருகிறவன் சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கிறான். மெஸ்ஸுக்கும் பணம் கட்டிவிட்டு இரவு செயலியில் பரோட்டா வரவழைத்தால் அது இரட்டைச் செலவு. வாரம் இரண்டு முறை 150 ரூபாய் வீதம் என்றால் மாதம் 1,200 போய்விடும். அது முதல் ஆண்டுக் கடன் வட்டிக்குக் கிட்டத்தட்ட சமம்.

புத்தகத்தை மேல் வகுப்பு மாணவரிடம் பாதி விலைக்கு வாங்கலாம், ஆனால் பாடத்திட்ட ஆண்டு மாறியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மடிக்கணினிக்குக் கடனில் இடம் உண்டு என்றாலும், முதல் பருவத்தில் ஆய்வகக் கணினி போதும். வாங்குவதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

மகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டிலிருந்து கல்லூரிக்கு ரயிலில் போய்வரும் மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரிச் சான்றோடு போய்க் கேட்க வேண்டும். இது தெரியாமலே பலர் கல்லூரிப் பேருந்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் சேர்த்தால் ஓராண்டு வீண் என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: விரல் விட்டு எண்ணுங்கள். பிளஸ் டூ இரண்டு, பொறியியல் நான்கு, ஆக ஆறு. டிப்ளமோ மூன்று, நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று, அதுவும் ஆறு. பொறியியல் கட்டணம் நான்குக்குப் பதில் மூன்று ஆண்டுதான். அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் முடியும். நடுவில் வேலை கிடைத்தாலும் கையில் ஒரு படிப்பு இருக்கும். தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: முதலாண்டுக் கணிதம் படிக்காமல் நேராக மூன்றாம் பருவக் கணிதத்தில் உட்கார வேண்டும். டிப்ளமோ முடிந்த கோடையில் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் பார்த்துவிட்டால் அரியர் விழாது.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து சம்பளம் ரூ.32,000. கடன் 8.1 லட்சம், தவணை 10,700. வரிச் சலுகை இருப்பதால் கடனை மெதுவாகவே கட்டு என்கிறார் நண்பர்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை விலக்கு உண்டு. ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும், அசலுக்குக் கிடையாது. உங்கள் ஆண்டுச் சம்பளம் 3.84 லட்சம், எந்த முறையிலும் வரியே வராது. வராத வரிக்கு எதற்கு விலக்கு? மாதம் 3,000 கூடுதலாகக் கட்டுங்கள். பத்து ஆண்டுக் கடன் ஏழு ஆண்டுக்குள் முடியும், 1.6 லட்சம் வட்டி மிச்சமாகும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இல்லை. கூடுதல் பணம் கட்டும்போது “தவணையைக் குறைக்க வேண்டாம், மாதங்களைக் குறையுங்கள்” என்று கிளையில் எழுதிக் கொடுங்கள். தவணை தவறினால் உங்களோடு, உடன் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்ப்பது) இறங்கும். அதனால் மூன்று தவணைக்கான 32,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு கூடுதல் கட்டத் தொடங்குங்கள்.