ஸு வூ தாங் கஷாயம் எதற்கு, எப்படிக் காய்ச்சுவது?

இது ஒரு சீன மருத்துவக் கஷாயம். பெயரின் பொருள் 'நான்கு பொருள் கஷாயம்'. சீனாவின் சோங் அரச மரபுக் கால மருந்து நூல்களிலேயே மாதவிடாய்க் கோளாறுகளுக்குச் சொல்லப்பட்டது. பழைய முறையில் நான்கும் சம அளவு. இப்போது பெரும்பாலும் ஷூ தீ ஹுவாங் (வேகவைத்த ரெமானியா கிழங்கு) 12 கிராம், தாங் குவே (சீன ஆஞ்செலிகா வேர்) 9, பாய் ஷாவ் (வெள்ளைப் பியோனி வேர்) 9, சுவான் சியோங் (லிகஸ்டிகம் கிழங்கு) 6. எல்லாமே வேர், கிழங்கு வகைதான்.

மண்சட்டியில் நான்கு கப் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 30-40 நிமிடம், ஒன்றரை கப்பாக வற்றும்வரை காய்ச்சுங்கள். மூடி இருக்கட்டும், இல்லாவிட்டால் தாங் குவே, சுவான் சியோங் இரண்டின் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். இரும்புச் சட்டி வேண்டாம். வடிகட்டி, காலை மாலை வெதுவெதுப்பாகக் குடிப்பார்கள். வழக்கமாக மாதவிலக்கு முடிந்த பிறகு சில நாட்கள்.

வயிறு உப்பி, பேதியானால் பெரும்பாலும் ஷூ தீ ஹுவாங்தான் காரணம். திரும்பத் திரும்ப ஆவியில் வேகவைத்துக் கறுத்த, பிசுபிசுப்பான கிழங்கு அது, செரிக்கச் சிரமம். அளவைக் குறைப்பார்கள்.

இந்தக் கஷாயம் கொடுக்கப்படும், சீன மருத்துவம் சொல்லும் 'ரத்தக் குறைவு' வேறு, ரத்தசோகை வேறு. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரைக்கு இது மாற்றாகாது. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர்கள் தொடவே கூடாது: தாங் குவே ரத்தக் கசிவைக் கூட்டும். உதிரப்போக்கு அதிகமுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.