தெரிந்த வழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. ரத்தக்கசிவு, அறுவை சிகிச்சை. இப்போது நடக்கிறேன், பேசுகிறேன். 'நல்லாத்தானே இருக்கே' என்கிறார்கள். போன வாரம் இருபது வருடம் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போனேன். வழி தப்பவில்லை. ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசியதும் தலை கனத்துவிட்டது. வீடு திரும்பி மாலை வரை படுத்தே கிடந்தேன். பழகிய இடமே இப்படி என்றால் இனி எங்கே போவது?

எம்.

அன்புள்ள எம்.,

வழி தப்பவில்லை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அது சின்ன விஷயமில்லை. இ.பி. என்று மட்டும் ஆய்வுகளில் குறிப்பிடப்படும் ஒருவருக்கு மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருபக்கமும் வைரஸ் தொற்றில் சிதைந்துபோனது. இளவயதில் விட்டுவந்த ஊரின் தெருக்களை, ஒரு பாதை அடைபட்டால் எப்படிச் சுற்றிப்போவது என்பதுவரை, அவர் மனதிலிருந்தே சொன்னார். நோய்க்குப் பின் குடிவந்த தெருதான் மனதில் ஏறவேயில்லை. 1999இல் வெளியான ஆய்வு இது. பழைய வழிகள் அவ்வளவு ஆழத்தில் கிடக்கின்றன.

உங்களைப் படுக்கவைத்தது சத்தம். முன்பெல்லாம் நாலு பேர் பேசினால் மூன்று குரலை மூளை தானாகவே ஒதுக்கிவிடும். நமக்குத் தெரியக்கூடச் செய்யாது. இப்போது அந்த வேலையை நீங்கள் கவனம் கொடுத்துச் செய்கிறீர்கள். களைக்கத்தான் செய்யும். ஸ்கேன் சரியாக இருந்தாலும் களைக்கும். இதைச் சோம்பல் என்பவர்களிடம் வாதாடிக் களைத்துப்போகாதீர்கள்.

பக்கவாதத்திலிருந்து மீண்ட என் அக்கா, தன் வீட்டு ஸ்விட்ச் போர்டு முன் விரலை நீட்டியபடி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆறு ஸ்விட்ச். எது விளக்கு என்று யோசித்தால் வராது. பேச்சுவாக்கில் கை போனால் சரியாகப் போய்விடும். நான் அவசரப்பட்டு விளக்கைப் போட்டுவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

அடுத்த முறை கூட்டம் சேர்வதற்கு முன்பே போங்கள். ஒருவரை மட்டும் பாருங்கள். களைப்பு வந்தபின் கிளம்பாமல், வருவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். இதுதான் கஷ்டம், நன்றாக இருக்கும்போது எழுந்திருக்க மனம் வராது. வண்டி ஓட்டுவது மருத்துவர் சொன்ன பிறகு. அப்புறம், தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ வாந்தி, மயக்கம் வந்தாலோ களைப்பு என்று விட்டுவிட வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள்.

போய்வந்து எழுதுங்கள். எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து.