நாகர்கோவிலில் கல்யாணத்துக்கு டிரோன் பறக்கவிட போலீஸ் அனுமதி வேண்டுமா?

"டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் இணைய வரைபடத்தில் (டிஜிட்டல் ஸ்கை) எங்கள் ஊர் பச்சையாகத்தான் காட்டுகிறது. பிறகு ஏன் போலீஸ் தடுக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியோடு நானும் ஒரு முறை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நாகர்கோவில் பக்கம் கல்யாண வீடு, கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று படம் எடுப்பதுதான் என் தொழில்.

முதலில் சட்டம். 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க மத்திய அரசிடம் முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. விமான நிலையத்துக்கான கட்டுப்பாடுகள் அதன் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர் வரைதான். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் அந்த வட்டம் நம் மாவட்டத்தைத் தொடாது. அதனால்தான் உங்களுக்குப் பச்சை காட்டுகிறது.

ஆனால் அந்த நிறம் நிரந்தரம் இல்லை. மாவட்ட எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, அவசரத் தேவை இருந்தால் எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். இதுவும் அதே விதிகளில்தான் இருக்கிறது. 2024 மே கடைசியில் பிரதமர் விவேகானந்தர் பாறைக்கு வந்தார், அதே வருடம் டிசம்பர் 30 அன்று முதல்வர் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார். இப்படிப் பெரிய தலைவர்கள் வருகிற நாட்களில் நேற்றைய வரைபடத்தை நம்பி டிரோனைக் கையில் எடுக்காதீர்கள். பறக்கவிடுகிற அன்று காலையிலும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

அடுத்தது எடை. "என்னுடையது 250 கிராமுக்குள், நானோ வகை, எனக்கு எந்த விதியும் இல்லை" என்று நிறைய பேர் நம்புகிறார்கள். நானோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், சரி. சிவப்பு மண்டலம் அதற்கும் சிவப்புதான். பெரிய பேட்டரியைச் செருகினாலோ இறக்கைகளுக்குக் காப்பு மாட்டினாலோ 250 கிராமைத் தாண்டி மைக்ரோ வகைக்குள் போய்விடும். மைக்ரோவில் சொந்தப் பொழுதுபோக்குக்குச் சான்றிதழ் தேவையில்லை, கூலிக்கு எடுத்தால் தேவை. கல்யாணம் கூலி வேலைதான். அதனால் நீங்கள் அமர்த்துகிற ஆளிடம் மூன்றைக் கேளுங்கள்: பைலட் சான்றிதழ், டிரோனின் பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு. காட்ட யோசித்தால் வேறு ஆளைப் பாருங்கள். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நம் ஊருக்கென்றே இன்னொன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், "மச்சான் வரும்போது கொண்டு வருவான்" என்று சொல்லிக் காத்திருக்கிறோம். வெளிநாட்டில் செய்த டிரோனை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும்தான் விலக்கு. மச்சானைத் திருவனந்தபுரம் சுங்கத்தில் மாட்டிவிடாதீர்கள்.

சரி, போலீஸ் விஷயம். கடற்கரை ஊர் ஒன்றில் சர்ச் திருவிழா, தேர்ப் பவனி. என்னிடம் சான்றிதழ், பதிவு எண், பச்சை வரைபடம் எல்லாம் இருந்தது. தேருக்கு மேலே ஒரு சுற்று எடுத்திருப்பேன், ஏட்டையா வந்து இறக்கச் சொன்னார். ஸ்டேஷனில் எஸ்.ஐ.யிடம் போனை நீட்டி, "சார், பச்சை மண்டலம்" என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "மக்கா, மேல பச்சைன்னா சரி. கீழ நிக்கது ஆயிரம் தலை. அதுல ஒண்ணு மேல இது விழுந்தா நீ யாருட்ட மேப்ப காட்டுவ?" என்றார். எனக்குப் பதில் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குக் கோபமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று சொல்வேன். போலீஸ் டிரோன் விதிகளை மட்டும் பார்ப்பதில்லை. மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 125ஆம் பிரிவு, கலெக்டர் போட்ட தடையுத்தரவை மீறினால் 223ஆம் பிரிவு. வரைபடம் என்ன நிறமாக இருந்தாலும் இவை பொருந்தும்.

இடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது அடுத்த கேள்வி. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. பேச்சிப்பாறை பக்கம் காட்டுக்குள் என்றால் வனத்துறை. கோயில் வளாகம் என்றால் நிர்வாகத்தின் கடிதம். இவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே நின்று டிரோனைக் கிளப்ப முடியாது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. நம் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் குளம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அண்ணன், "அந்தக் குளத்துக்கு மேல ஒரு சுத்து போங்க, தாமரை நல்லா இருக்கு" என்றார். நானும் தாழ்வாகக் கொண்டுபோனேன். திரையில் தாமரை வந்தது, அப்புறம் படித்துறை வந்தது. கடைசிப் படியில் வயதான ஒரு அம்மை ஈரத் துணியோடு நின்றிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துவர்த்தை அவசரமாக இழுத்து மார்பை மூடினார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் கை நடுங்கிவிட்டது. அந்தக் காட்சியை அங்கேயே அழித்தேன். படித்துறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "செரி போ" என்று மட்டும் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை. பெண்களை அந்தரங்கமான நிலையில் படம் எடுப்பது அதே நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். ஆனால் அந்தப் படியில் சட்டம் என் நினைவில் இல்லை, அந்தக் கைதான் இருந்தது. அதற்குப் பிறகு குளம், ஆறு, மொட்டை மாடி, கடற்கரையில் குளிக்கிற இடம் எதற்கு மேலும் நான் போவதில்லை. யார் எவ்வளவு தந்தாலும் சரி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே மண்டபம் இருக்கிற பகுதியின் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், மண்டபத்தின் பெயர், டிரோனின் பதிவு எண், பைலட் சான்றிதழ் எண், எத்தனை அடி உயரம், யாருடைய போன் எண் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். கூடவே மண்டப உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் வையுங்கள். நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கடிதம் கட்டாயம் என்று டிரோன் விதிகளில் இல்லை. ஆனால் நான் கடிதம் கொடுத்த எந்த நிகழ்ச்சியிலும் இதுவரை யாரும் வந்து இறக்கச் சொன்னதில்லை. மணிமேடை, வடசேரி மாதிரி நெரிசலான சந்திப்புகளுக்கு மேலே ஊர்வலத்தை எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். மண்டபத்து முற்றத்துக்குள் எடுத்தாலே அழகாக வரும்.

கல்யாணம் ஆவணியில் என்றால் காற்றையும் கணக்கில் வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்கிற காலம் அது. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தோவாளை பக்கம் மண்டபம் என்றால் 250 கிராம் டிரோன் அந்தக் காற்றில் தாங்காது. காலை ஏழு மணிக்குள் எடுத்து முடிக்கப் பாருங்கள். தென்னை ஓலை ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் அன்றைக்கு டிரோனைப் பெட்டியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.