வகுப்பில் கொடுத்த துண்டறிக்கைக்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் மகளிர் குழுவின் பொறுப்பாளராக இருக்கிறேன். தூய குடிநீர் நமது உரிமை என்று பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓராண்டாக ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தி வருகிறோம். நாங்கள் குடம் குடமாக அள்ளிக் குடித்த ஊற்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் உவர்த்துப் போய்விட்டது. சென்ற மாத வகுப்பில், இறால் பண்ணைக்காரர் கழிவைத் திறந்துவிட்டு ஊற்றைக் கெடுத்தார் என்றும், ஊர்த் தலைவர் பணம் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார் என்றும் இருவர் பெயரையும் போட்டு 300 துண்டறிக்கைகள் கொடுத்தோம். 15 நாளில் மன்னிப்புக் கேட்டு 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று பண்ணைக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஊர்த் தலைவர் என் கணவருக்குப் பங்காளி முறை. இந்த ஆண்டு முளைப்பாரித் திருவிழாவுக்கு எங்கள் வீட்டு வரியைக்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். தலைவர் பணம் வாங்கியது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரவில் வாய்க்கால் ஓரம் போய்க் கழிவுநீரையும் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் பண்ணையை மூட வைத்துவிடுவோம் என்றும் இருக்கிறோம். நல்ல தண்ணீர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்க, எங்கள் மீது எப்படி வழக்குப் போட முடியும்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் ஒரு பகுதி ஊரில் நீங்கள் பட்ட அவமானத்தைப் பற்றியது. திருவிழா வரியை வாங்க மறுப்பது எவ்வளவு ஆழமான காயம் என்பது இந்தக் கடற்கரையில் பிறந்த எனக்குத் தெரியும். ஆனால் இந்த நோட்டீசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை இங்கேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கப் போவது ஒரே கேள்விதான்: அந்த இரண்டு வாக்கியங்களையும் நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்?

அதே வாக்கியங்களை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுத்திருந்தால், விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் செய்த புகார் என்ற விதிவிலக்கு, அதாவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356ஆம் பிரிவில் உள்ள எட்டாவது விதிவிலக்கு, உங்களைக் காப்பாற்றியிருக்கும். வகுப்பில் அமர்ந்திருந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த அதிகாரம் இல்லை. அவர்களிடம் அச்சிட்டுக் கொடுத்த கணத்திலேயே அது புகார் என்ற நிலையை இழந்து, ஒருவரைப் பற்றிய வெளியீடாக மாறிவிட்டது. அதன்பின் உங்களுக்கு முக்கியமாக மிஞ்சுவது, சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்ற எதிர்வாதம்தான். அதில் இரண்டையும் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1991ஆம் ஆண்டின் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற நீரைப் பெறும் உரிமை உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டும் பலரும் அதன் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. மனுதாரர் சொந்தப் பகையைப் பொதுநலன் என்ற பெயரில் கொண்டு வந்திருக்கிறார் என்று சொல்லி, அந்த மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. பங்காளிச் சண்டையும் வரி மறுப்பும் உங்கள் பதிலில் ஒரு வரியாவது இடம்பெற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பகுதியைத்தான் முதலில் வாசிப்பார்.

உங்கள் வகுப்பைக் குறித்து அஞ்ச வேண்டாம். சுற்றுச்சூழல் பாதுகாப்பை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும், கல்வி நிலையங்களில் பாடமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்ற இந்தியத் தரநிர்ணயத்தையும், மாதிரியை எங்கே கொடுத்துச் சோதிப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது என்பதையும் நீங்கள் கற்றுக் கொடுப்பதை யாராலும் தடுக்க முடியாது. தொடர்ந்து கற்றுக் கொடுங்கள் என்றுதான் நானும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றவாளி ஆக்கியதுதான் சிக்கல்.

வக்கீலான என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழுந்த குழி ஒன்று உண்டு. உண்மைதானே, நிரூபித்துவிடலாம் என்று நம்பி நீதிமன்றத்துக்கு வருவார்கள். கையில் சோடா பாட்டிலில் பிடித்த தண்ணீரும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற டி.டி.எஸ். கருவியில் தெரிந்த எண்ணைக் கைப்பேசியில் எடுத்த படமும் இருக்கும். அந்தக் கருவி தண்ணீரில் உப்பு இருப்பதைக் காட்டுமே தவிர, அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. இராமநாதபுரம் கடற்கரையில் இது உயிரான வேறுபாடு. ஊற்று உவர்ப்பதற்குப் பண்ணைக் குளத்தின் கசிவு காரணமாக இருக்கலாம். ஆழ்துளைக் கிணறுகள் நன்னீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியதும் காரணமாக இருக்கலாம். மழை பொய்த்ததும் காரணமாக இருக்கலாம். இது கடலோரம், இங்கே எப்போதும் உப்புத்தான் என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் சொல்லிவிடும். அதை உடைக்கப் பண்ணை வருவதற்கு முன் அந்த ஊற்றோ பக்கத்துக் கிணறோ எப்படி இருந்தது என்பதைக் காட்டும் பழைய பரிசோதனை அறிக்கை வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் உங்கள் முதல் வாக்கியத்துக்கு அடித்தளமே இல்லை.

கழிவுநீர் மாதிரியின் நிலை இன்னும் கடினம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி மாதிரி எடுத்தாலும், பண்ணைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, கலத்தில் அடைத்து முத்திரையிட வேண்டும் என்று 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. அந்த நடைமுறை தவறினால் அந்த மாதிரியின் பரிசோதனை அறிக்கையே சான்றாக ஏற்கப்படாது. அதிகாரிக்கே இந்த நிலை என்றால், இரவில் வாய்க்கால் ஓரம் போய் நீங்கள் பிடித்து வந்த பாட்டிலுக்கு என்ன மதிப்பிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேலி தாண்டிப் போயிருந்தால் அத்துமீறல் புகாரும் சேர்ந்து வரும்.

இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி நான் மிகக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்த் தலைவர் பணம் வாங்கியதைப் பார்த்தவர் யார்? கடிதத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததைக் கூண்டில் ஏறிச் சொல்ல ஒருவரும் வரமாட்டார். உங்களைப் போல அவர்களும் அதே ஊரில் வாழ வேண்டியவர்கள். இன்றைக்கு நோட்டீஸ் பண்ணைக்காரரிடமிருந்து மட்டுமே வந்திருக்கிறது என்பதால் தலைவர் விட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர அவருக்கு ஓராண்டும், குற்றவியல் புகார் கொடுக்க மூன்றாண்டும் அவகாசம் இருக்கிறது.

நோட்டீஸ் வந்த பிறகு செய்யும் தவறுகள் முதல் தவறைவிடப் பெரியவையாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கட்சிக்காரர் நோட்டீசைப் படம் எடுத்து, துண்டறிக்கையையும் சேர்த்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினார். நோட்டீஸ் வந்த பின்னும் வேண்டுமென்றே மீண்டும் வெளியிட்டார் என்று புகாரில் அது தனிக் குற்றச்சாட்டாகவே சேர்ந்தது. இன்னொருவர் தாமே பதில் எழுதி, பழைய வாக்கியத்தை இன்னும் காரமாகத் திருப்பிச் சொன்னார். எஞ்சிய துண்டறிக்கைகளை இன்றே திரட்டிக் கட்டி வையுங்கள், எரித்துவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளை எந்த மனுவிலும் கையெழுத்திடச் சொல்லாதீர்கள். ஊர்வலம் எண்ணமிருந்தால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் அந்த நாட்களில் தடை உத்தரவு வழக்கமாக நடைமுறையில் இருக்கும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் பண்ணையை மூட வைத்துவிடுவோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில், பாதிப்பு முதலில் நேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரைதான் வழக்குத் தொடர முடியும்; உங்கள் கணக்கின்படி அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. அந்த வழி இன்னும் அடைபடவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளை மூடச் சொன்னதை நம்பியும் போகாதீர்கள். 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்த பிறகு, பதிவு பெற்ற பண்ணை சட்டப்படியான தொழில்தான். ஆகவே அந்தப் பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா, எத்தனை பரப்புக்கு இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் உடனே கேளுங்கள். பதிவு இல்லையென்றால் பேச்சுவார்த்தையில் பணிய வேண்டியவர் அவர்தான்.

என் அறிவுரை: சமரசத்துக்குப் போங்கள். ஊர்த் தலைவரைப் பற்றிய வாக்கியத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். பண்ணையைப் பற்றியதை, உரிய பரிசோதனைக்கு முன் பெயர் குறிப்பிட்டது தவறு என்ற அளவில் வருத்தம் தெரிவித்து முடியுங்கள். ஊற்று கெடவில்லை என்று மட்டும் ஒருபோதும் எழுதிக் கொடுக்காதீர்கள். அதற்கு ஈடாக, இரு தரப்பும் இருக்கையில் ஊற்றிலும் வாய்க்காலிலும் மாதிரி எடுக்க அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட வேண்டும். பதினைந்து நாளுக்குள் இந்தப் பதில் ஒரு வக்கீல் மூலம் போக வேண்டும்.

எதிர்த்தரப்பு எழுதிவரும் உடன்படிக்கையில், இனி இந்தப் பண்ணை குறித்து எந்த அதிகாரியிடமும் கிராம சபையிலும் புகார் செய்வதில்லை என்ற வரி பெரும்பாலும் ஏழாவது எட்டாவது பத்தியில் ஒளிந்திருக்கும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் ஊற்றைப் பரிசோதிக்கக் கோரித் தீர்மானம் போடும் உரிமையையும், ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்துப் பெறும் சமாதானம் உங்களுக்கு வேண்டாம். அந்த வரியை அடிக்க மறுத்தால் கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.