மைக் ஓயாத விமானத்தில் தூங்குவது எப்படி?

கேள்வி: வணக்கம் மேடம். கடலூர் செம்மண்டலம் என் ஊர், வேலை துபாயில். சென்னையிலிருந்து இரவு விமானத்தில்தான் போய் வருவேன். ஊரிலிருந்து காரில் வந்து, இமிகிரேஷன் வரிசையில் கால்கடுக்க நின்று, சீட்டில் உட்கார்ந்ததும் கண் சொக்கும். தூங்க விட்டால்தானே? பெல்ட், சாப்பாடு, சென்ட் விற்பனை என்று மைக்கில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதைக் குறைக்கச் சொல்ல முடியுமா? எதைக் கேட்காமல் விடலாம்? அடுத்த மாதம் அப்பாவும் என்னோடு வருகிறார். 72 வயது, முதல் பயணம், காது கொஞ்சம் மந்தம். அவருக்கு என்ன செய்வது?

பதில்: பதினோரு வருடம் அந்த மைக்கைப் பிடித்தவள் நான். இப்போது புதுச்சேரியில் உட்கார்ந்து, அந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறையில் பயணியாகப் போனால் நானும் உங்களைப் போல முணுமுணுப்பவள்தான்.

அறிவிப்புகளின் எண்ணிக்கைக்கும் பறக்கும் தூரத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கதவு மூடினால் ஒன்று, பெல்ட், மாஸ்க், லைஃப் ஜாக்கெட் போடுவதைச் செய்து காட்டும் பாதுகாப்பு டெமோவுக்கு ஒன்று, பெல்ட் விளக்கு அணைந்தால் ஒன்று, இறங்கத் தொடங்கினால் ஒன்று, தரை தொட்டதும் ஒன்று. பதினான்கு மணி நேரப் பயணத்துக்கும் இதே கணக்கு, நம் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போகும் ஏ.டி.ஆர். என்ற சின்ன விமானத்துக்கும் இதே கணக்கு. அங்கே எல்லாம் ஒரு மணி நேரச் சொச்சத்துக்குள் அடங்க வேண்டும். போதாததற்கு ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று மொழியில் சொல்ல வேண்டும். வளைகுடா விமானம் என்றால் அரபியும் சேரலாம்.

உங்களைத் திடுக்கிட வைக்கும் ‘டிங்’ ஓசையில் பாதி உங்களுக்கானதே இல்லை. யாரோ தண்ணீர் கேட்டுப் பட்டனை அழுத்தியிருப்பார், அல்லது பின்பக்கம் நிற்கும் க்ரூவை, அதாவது விமானப் பணியாளரை, முன்பக்கத்தில் இருப்பவர் இன்டர்காமில் கூப்பிட்டிருப்பார். கிளம்பும் முன் ‘ஆர்ம் டோர்ஸ் அண்ட் க்ராஸ் செக்’ என்று சொல்வதும் எங்களுக்குத்தான். அவசரத்தில் கதவைத் திறந்தால் இறங்கி வெளியேறும் சறுக்கு தானாக ஊதி விரியும்படி தயார் செய்துவிட்டு, எதிர்க்கதவையும் ஒருமுறை சரிபார் என்று அர்த்தம்.

மைக் பேச்சைப் பற்றிப் பயணிகள் ஒரே குரலில் பேசுவதில்லை. தூங்குபவருக்கு எல்லாமே தொல்லை. படம் பார்ப்பவருக்கு, முக்கியமான கட்டத்தில் திரை உறைந்து நிற்கும் அந்த அரை நிமிடம் பொறுக்காது. பறக்கப் பயப்படுபவருக்கோ கேப்டன் நடுவில் பேசினால்தான் உயிர் வரும். அவர் வாயே திறக்கவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஒருமுறை பக்கத்துச் சீட்டில் வில்லியனூர்ப் பாட்டி ஒருவர். ஒவ்வொரு அறிவிப்புக்கும் என் முழங்கையைத் தொட்டு, “என்னம்மா சொல்றாங்க?” என்பார். “ஒண்ணும் இல்ல பாட்டி, காபி விக்கிறாங்க” என்றால் முகம் வாடிவிடும்.

ஆக, குறை சொல்ல வேண்டியது விற்பனை அறிவிப்பை. விளக்கை அணைத்து, அழுத குழந்தையை ஒரு தாய் அப்போதுதான் தோளில் சாய்த்திருக்க, ‘இன்றைய சிறப்புச் சலுகை’ என்று தொடங்கிய ஒரு இரவு விமானத்தில் நானே பயணியாக இருந்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது தூக்கம் கெட்டதற்காக மட்டும் இல்லை. பத்து முறை பயனில்லாததைக் கேட்ட காது, பதினோராவதாக வரும் முக்கியமானதையும் தள்ளிவிடும்.

தள்ளக் கூடாதது டெமோ. ‘லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதாதீர்கள்’ என்ற வரியை நூறு முறை கேட்டிருப்பீர்கள். 1996இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமரோஸ் தீவுக்கருகே கடலில் விழுந்தது. ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிக்கொண்டவர்களை, ஏறிய தண்ணீர் கூரையோடு அழுத்திவிட்டது. அவர்களால் முங்கி வெளியே வர முடியவில்லை. 2024 ஜனவரி 2இல் டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது மோதித் தீப்பிடித்தது. அப்போது உள்ளே மைக்கே வேலை செய்யவில்லை. க்ரூ மெகாஃபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தித்தான் அதிலிருந்த 379 பேரையும் வெளியேற்றினார்கள். அந்த மாதிரி நேரத்தில் கைவசம் இருப்பது ஆரம்பத்தில் காதில் விழுந்தது மட்டும்தான்.

டெமோ முடிந்ததும் தூங்குங்கள். பெல்ட்டைப் போர்வைக்கு மேல் தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் விளக்கு எரிந்தால் நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம், போர்வைக்குள் இருந்தால்தான் தட்டி எழுப்புவோம். ஏறும்போதே “சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். கேலி, அதாவது விமானத்துச் சமையலறை, அதன் பக்கத்து வரிசை வேண்டாம். ராத்திரி முழுக்க தட்டு ட்ராலிச் சத்தம். மற்றபடி ஸ்பீக்கர் எல்லா வரிசைக்கும் மேலே இருப்பதால் சீட் மாற்றி மைக்கிடம் தப்ப முடியாது.

விலை கூடிய நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பலருக்கு ஏமாற்றம் தரும். அது எஞ்சினின் ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக அடக்கும். இரைச்சல் போனதும் மைக் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும்! பேச்சைக் குறைக்க மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் மேல்.

‘இறங்கத் தொடங்குகிறோம்’ என்பதற்கு மட்டும் விழித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் நாம் எச்சில் விழுங்குவது குறைவு. இறங்கும்போது காது அடைத்து வலிப்பது அதனால்தான். தரை தொட இன்னும் அரை மணி நேரம் அளவுக்கு இருக்கும், கழிப்பறைக்குப் போகவும் அதுதான் கடைசி வாய்ப்பு.

குறைக்கச் சொல்ல முடியுமா என்றால், க்ரூவிடம் சொல்லிப் பயனில்லை. என்ன பேச வேண்டும் என்பது அலுவலகம் கொடுத்த தாள், சில இடங்களில் விற்பனைக்குக் கமிஷனும் உண்டு. வாக்குவாதம் வேண்டாம், ஒழுங்கீனம் என்று எழுதிவிட்டால் உங்களுக்குத்தான் வம்பு. விமான எண், தேதி, எத்தனை மணிக்கு என்ன விற்றார்கள் என்று குறித்துவைத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்திய விமானம் என்றால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியிலும் பதியலாம். ‘ஒரே தொல்லை’ என்று எழுதினால் ஒரு வரி மன்னிப்பு வரும். ‘விளக்கணைத்த பிறகு மூன்று முறை விற்பனை’ என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் உங்கள் தலைக்கு மேலுள்ள ஸ்பீக்கர் கரகரத்தால் அதை க்ரூவிடமே சொல்லுங்கள். கேபின் லாக் புத்தகத்தில் ஏற்றிப் பழுது பார்ப்பார்கள்.

இனி அப்பா. டிக்கெட் எடுக்கும்போதே அவருக்குக் காது மந்தம் என்று பதிந்துவிடுங்கள், ஏறும்போது க்ரூவிடமும் ஒரு வார்த்தை. அவரிடம் தனியாக வந்து கையால் காட்டி விளக்குவார்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டாம், எங்களுக்கு இது அன்றாடம். காதுக்கருவி வைத்திருந்தால் அணைக்கத் தேவையில்லை. தலைக்கு மேலிருந்து ஆக்ஸிஜன் மாஸ்க் விழுந்தால் அப்பாவுக்குப் போட்டுவிட்டு அப்புறம் நமக்கு என்றுதான் உங்கள் கை போகும். கூடாது. 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால் தெளிவோடு இருக்க அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்தான். நீங்கள் மயங்கினால் அவருக்குப் போட ஆளில்லை. இதை வீட்டிலேயே அவரிடம் சொல்லிவையுங்கள், மகன் தன்னை விட்டுவிட்டான் என்று நினைக்க மாட்டார்.

விமானத்து பெல்ட் கார் பெல்ட் மாதிரி அழுத்தினால் கழலாது, மூடியைத் தூக்க வேண்டும். காரிலேயே பழகிய கை பதற்றத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். டெமோ தொடங்கும் முன் அவரையே மூன்று முறை போட்டுக் கழற்றச் சொல்லுங்கள், நீங்கள் உதவாமல்.