கட்டிலடியை விட்டு வராத தத்து நாய்

தத்தெடுத்த தெருநாய் கட்டிலடியை விட்டு வரவில்லை, திருப்பி ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்; சேலத்திலிருந்து ஏற்காட்டு வீட்டிற்கு வந்த இரண்டாம் நாளில் நாய் கட்டிலடியில் ஒடுங்கிக் கிடந்து, இரவில் மட்டும் தண்ணீர் குடிப்பதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணம். தெருவின் வெயிலிலும் இரைச்சலிலும் வளர்ந்த உயிருக்கு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிரும் மூடிய கதவுகளும் உடனே பழகிவிடா. வெளியே இழுக்காமல், அருகில் சாக்கு விரித்து, சோறும் தண்ணீரும் வைத்துவிட்டு விலகியிருங்கள். அக்கம்பக்கத்தாருக்குக் காட்டும் ஆசையையும் சற்று ஒத்திப்போடுங்கள்.

அது தானாக நெருங்கும்போது ஈறுகளை விரலால் அழுத்திப் பாருங்கள்: வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். கறுத்த ஈறு என்றால், கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறுமினால் வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். குட்டியாக இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மருத்துவரிடம் போகக் காத்திருக்கவே கூடாது.