டீச்சரைக் கேளுங்கள்: ஆப் கடனும் கணக்கு அரியரும்

கே: டீச்சர், நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கூலி வேலை செய்கிறேன். மகன் கிருஷ்ணகிரியில் இன்ஜினியரிங் முதலாண்டு. பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசு தரும் தமிழ்ப் புதல்வன் பணம் மாதம் 1,000 அவன் கணக்கில் விழுகிறது. போன வாரம் யாரோ எனக்கு போன் போட்டு, உன் பையன் கடன் கட்டவில்லை என்று கத்தினார்கள். ஏதோ ஆப்பில் 3,000 வாங்கியிருக்கிறான். கணக்குப் பாடத்தில் அரியர் வேறு. கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளட்டுமா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

ப: வேண்டாம். பிடுங்கினால் அடுத்த கடனை இன்னும் பத்திரமாக மறைப்பான்.

அந்த ஆப் கதையை முதலில் முடிப்போம். இந்த மாதிரி ஆப்கள் 3,000 என்று சொல்லி, ஃபீஸ் என்று 900 பிடித்துக்கொண்டு 2,100 போடும். ஏழாம் நாள் 3,000 கேட்கும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றாலே நாம் வாயில் அடித்துக்கொள்வோம். இது வாரத்துக்கே 43 ரூபாய்க்குக் கொஞ்சம் கிட்டே. உங்கள் பையன் கைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டு, அவனையே வட்டி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரியர் வைத்தவன்தான், ஆனாலும் இந்தக் கணக்கு அவனுக்கு வரும். போனில் இருக்கும் நம்பர்களை ஆப்கள் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு போன் வந்ததே தப்பு. இனி மிரட்டினால் மெசேஜ்களை அழிக்காமல் வைத்து, சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

சரி, கதவுக்கு வருகிறேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மகளிர் குழுவில் உங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று அவனுக்குத் தெரியுமா? பெரும்பாலான வீடுகளில் தெரியாது. பிள்ளை படிக்கட்டும், அவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நாம்தான் மூடி வைக்கிறோம். கடன் என்றால் மறைக்க வேண்டியது என்பதை அவன் உங்களிடமே கற்றிருக்கலாம். இந்த ஞாயிறு குழு பாஸ்புக்கை அவன் முன்னால் வையுங்கள். மண்டிக் கூலி எவ்வளவு வந்தது, சிலிண்டர், வாடகை, தவணை என்று அவனே எழுதட்டும். அவனுடைய 1,000 பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். ரெண்டு வாரத்தில் அவனே அந்த வரியையும் எழுதினால் நல்லது. எழுதாவிட்டாலும் திட்டாதீர்கள்.

அரியருக்கும் இதே வெட்கம்தான் காரணமாக இருக்கும். நானும் தமிழ் வழியில் படித்துவிட்டு பி.காம் சேர்ந்தவள். பற்று, வரவு எனக்குத் தண்ணிபட்ட பாடு. வகுப்பில் டெபிட், கிரெடிட் என்றார்கள். கிரெடிட் என்றால் கடன்தானே, கடன் எப்படி வரவாகும் என்று மூணு மாசம் குழம்பினேன். எழுந்து கேட்டால் சிரிப்பார்களே! முதல் தேர்வில் 23 மார்க். அப்புறம் ஒரு மேடம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் இங்கிலீஷ் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்தார். எனக்குக் கணக்கு தெரிந்தேதான் இருந்தது, பேர்தான் தெரியவில்லை. உங்கள் மகனும் அப்படி ஒரு பக்கம் ஆரம்பிக்கட்டும். வகுப்பில் கை தூக்கக் கூச்சமாக இருந்தால், சந்தேகத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வகுப்பு முடிந்ததும் சாரிடம் நீட்டட்டும்.

கே: ஓசூரில் முதல் சம்பளம் வாங்கிவிட்டேன். முழுசாக வீட்டில் கொடுத்துவிடு என்கிறார் அண்ணன். கொடுக்கட்டுமா?
– ஊத்தங்கரை வாசகி

ப: வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நீயே சொல்லிக் கொடு, கண்ணு. முழுசாக வேண்டாம். தபால் ஆபீஸில் உன் பெயரில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடு, மாதம் 100 ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம், 5 வருஷம். அண்ணனிடம் மறைக்காதே, பாஸ்புக்கைக் காட்டு. புத்தகம் மட்டும் உன் பையிலேயே இருக்கட்டும்.